எல்லை தாண்டிய நிலத்தடி நீர்: வன்னிக்குப் பொருந்தும் ஏற்பாடு எது?

இலங்கை ஒரு தீவு என்பதால், நிலத்தடி நீரை அயல்நாட்டோடு பங்கிடும் சிக்கல் நமக்கு இல்லை என்று சொல்லி இந்த விடயத்தை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளில் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட கடல் எல்லை உடன்படிக்கைகளை எடுத்துப் பார்த்தால், கச்சதீவுப் பேச்சின் இரைச்சலில் பலரும் கவனிக்காத ஒரு வாசகம் அவற்றில் இருக்கிறது. எண்ணெயோ எரிவாயுவோ வேறு கனிமமோ எல்லைக்கோட்டின் இரு புறமும் நீளும் ஒரே படிவாகக் கிடந்து, ஒரு பக்கத்தில் நின்றே மறுபக்கத்துப் பங்கையும் எடுக்கக்கூடியதாக இருந்தால், அதை எடுக்கும் முறை பற்றியும் வரும் பயனைப் பங்கிடும் முறை பற்றியும் இரு நாடுகளும் உடன்பாடு காண முயல வேண்டும் என்பதே அது. நிலத்துக்குக் கீழே கிடப்பது மேலே கிழித்த கோட்டுக்குக் கட்டுப்படாது என்பதை மன்னார்க் கடலடியில் நாம் எழுத்திலேயே ஏற்றுக்கொண்டுவிட்டோம். மன்னார்த் தரைக்கு அடியில் ஓடும் நீரைப் பற்றி அப்படி ஓர் எழுத்து இன்னும் இல்லை.

வன்னியின் நிலத்தடி நீர் கடக்கும் எல்லைகள் நாட்டு எல்லைகள் அல்ல. மாவட்ட எல்லை, மாகாண எல்லை, நகரத்தின் குடிநீருக்கும் கிராமத்தின் தோட்டத்துக்கும் இடையிலான எல்லை என்பவையே அவை. மன்னார் நகரத்துக்கான குழாய்நீர் முருங்கன் பக்கத்து ஆழ்கிணறுகளிலிருந்து போகிறது. முருங்கனைச் சுற்றிய காணிகளில் கமம் செய்கிறவர்களும் கோடையில் நிலத்தடி நீரையே நம்புகிறார்கள். அருவி ஆறு அநுராதபுர மாவட்டத்தைக் கடந்து வந்துதான் தேக்கம் அணைக்கட்டில் திரும்பிக் கட்டுக்கரைக் குளத்தை நிரப்புகிறது. இவற்றுக்கு ஓர் ஏற்பாடு தேவை என்பதை மறுப்பவர்கள் குறைவு. எத்தகைய ஏற்பாடு என்பதில்தான் முடிவெடுக்க வேண்டியுள்ளது. எல்லைக்கு இரு புறமும் வெவ்வேறு சட்டமும் வெவ்வேறு நாணயமும் கொண்டவர்கள் இதே முடிவை எடுத்த விதங்களை ஒப்பிட்டு, எது நமக்கு ஒத்துவரும் என்று பார்க்க இங்கே முயல்கிறேன்.

அதற்கு முன்பாக நமது காலடியில் என்ன இருக்கிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் வன்னியில் இரண்டு வகையான நிலத்தடி நீர் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து செல்லாது. வவுனியாவும் அதன் கிழக்கும் தெற்கும் கடினப் பாறையின் மேல் அமைந்தவை. புவியியலாளர்கள் இலங்கையின் அடிப்பாறையைப் பிரித்தபோது அதில் ஒரு பெரும் பகுதிக்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். இந்தப் பாறையின் மேலுள்ள உக்கிய மண்ணிலும், ஆழத்திலுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். அது ஒரே பெரிய தேக்கமாக இருப்பதில்லை. பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு தனித்தனியாகக் கிடக்கிறது. குளம் நிரம்பினால் கிணறு ஊறும், குளம் வற்றினால் கிணறும் வற்றும் என்பது ஊரில் எவருக்கும் தெரிந்த சங்கதி. மாறாக, புத்தளத்திலிருந்து மன்னார், பூநகரி, பரந்தன் வழியாக வடக்கே நீளும் கரையோரத்தில் சுண்ணாம்புக்கல் படிந்திருக்கிறது. பிளவுகளால் துண்டு துண்டாகப் பிரிந்த அந்தப் படிவில் ஏழு தனிப்படுகைகள் இருப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். வண்ணாத்திவில்லு, கொண்டச்சி, முருங்கன், முழங்காவில் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றில் நீர் பெரும்பாலும் அறுபது மீற்றருக்கும் கீழே, நீர் எளிதில் ஊடுருவாத ஒரு மூடுபடை மேலே அழுத்தியிருக்க, அமுக்கத்தோடு கிடக்கிறது.

இந்த அமுக்கம்தான் விடயத்தின் சாரம். திறந்த கிணற்றில் ஒருவர் அளவுக்கு மீறி இறைத்தால் பாதிப்பு அவருடைய காணியைச் சுற்றி மெதுவாகப் பரவும். பக்கத்துக் காணிக்காரர் அதை உணர மாதங்கள் ஆகலாம். அமுக்கத்தோடு கிடக்கும் படுகையில் ஓரிடத்தில் பெரிய மோட்டர் ஓடினால், அமுக்கக் குறைவு கிலோமீற்றர் கணக்கில், விரைவாகப் பரவும். ஆகவே ஒரே படுகையில் கை வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் தெரியாதவர்களாக இருந்தாலும், முதல் நாளிலிருந்தே ஒருவரின் பம்பு மற்றவரின் கிணற்றுக்குள்தான் இறங்கியிருக்கிறது. முருங்கனுக்கு உடன்படிக்கை தேவை, கடினப் பாறையில் கிடக்கும் நெடுங்கேணிக்கு அவ்வளவாகத் தேவையில்லை என்று நான் பின்னால் சொல்வதற்குக் காரணம் இதுவே.

முதலாவது வழி, எதுவும் செய்யாமல் அவரவர் தேவைக்கு அவரவர் எடுப்பது. அமெரிக்காவின் எல் பாசோ நகரமும் மெக்சிக்கோவின் சியுடாட் ஹுவாரெஸ் நகரமும் ஹுவேக்கோ என்ற ஒரே படுகையிலிருந்து பல பத்தாண்டுகளாக இறைத்து வருகின்றன. அந்தப் படுகையைப் பங்கிட இரு நாடுகளுக்கும் இடையே உடன்படிக்கை எதுவும் கிடையாது. நீர்மட்டம் இறங்கியது, நன்னீருக்குள் உவர்நீர் புகுந்தது. வசதி படைத்த எல் பாசோ 2007இல் உவர்நீரை நன்னீராக்கும் பெரிய ஆலையைக் கட்டிக்கொண்டது. வசதி குறைந்த ஹுவாரெஸ் அதே படுகையையே நம்பி நின்றது. ஏற்பாடு இல்லாத இடத்தில் பணம் உள்ளவர் தப்பிவிடுவார் என்பதற்கு மேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

இரண்டாவது வழி, அரசுகள் கூடிச் செய்யும் பெரிய உடன்படிக்கை. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2008 டிசம்பர் 11ஆம் திகதி 63/124 என்ற தீர்மானத்தின் வழியாக, எல்லை தாண்டிய நீர்ப்படுகைகளுக்கான 19 வரைவு உறுப்புரைகளை நாடுகளின் கவனத்துக்கு முன்வைத்தது. நியாயமான பயன்பாடு, பக்கத்து நாட்டுக்குப் பாரிய தீங்கு செய்யாமை, தரவுகளைத் தொடர்ந்து பகிர்தல் என்பவை அதன் தூண்கள். அதையொட்டி 2010 ஆகஸ்ட் 2ஆம் திகதி ஆர்ஜென்ரீனா, பிரேசில், பரகுவே, உருகுவே ஆகிய நான்கு நாடுகளும் குவாரனிப் படுகைக்கான உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. பத்து இலட்சம் சதுர கிலோமீற்றருக்கும் மேல் பரந்த அந்தப் படுகையின் நீருக்காக அந்நாடுகளிடையே சண்டை எதுவும் நடக்கவில்லை; சண்டை வருமுன்னரே எழுதிவைத்தார்கள் என்பது பாராட்டத்தக்கது. ஆனால் பரகுவேயின் ஒப்புதல் கிடைத்து அது நடைமுறைக்கு வந்தது 2020 நவம்பரில்தான். பத்து ஆண்டுகள் காகிதத்தில் கிடந்தது. அத்துடன், தன் எல்லைக்குள் இருக்கும் பகுதிக்குத் தானே இறைமையாளன் என்பதை ஒவ்வொரு நாடும் அதில் அழுத்திச் சொல்லியிருக்கிறது. எந்தக் கிணறு எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கு அதில் இல்லை.

பெரிய உடன்படிக்கையின் குறைபாட்டை அதே குவாரனியின் ஒரு மூலை தெளிவாகக் காட்டுகிறது. உருகுவே ஆற்றின் ஒரு கரையில் ஆர்ஜென்ரீனாவின் கொன்கோர்டியா, மறுகரையில் உருகுவேயின் சால்ட்டோ. இரண்டு ஊர்களும் ஆழ்துளையிட்டு நாற்பது பாகைக்கு மேல் சூடான நீரை வெளியே கொண்டுவந்து, குளிப்பிடங்களும் விடுதிகளும் கட்டிப் பிழைக்கின்றன. நான்கு நாட்டுப் படுகையில் எல்லை தாண்டிய உரசல் உண்மையில் எழக்கூடிய இடங்கள் இப்படியான சிலவே. சாவோ பாவுலோவில் ஒருவர் எடுக்கும் நீர் சால்ட்டோவின் விடுதிக்காரரைத் தொடுவதில்லை; ஆற்றுக்கு அக்கரையில் எடுப்பது தொடும். கைகலக்கக்கூடியவர்கள் இரண்டு ஊரார். ஒப்பமிட்டவர்களோ நான்கு வெளிவிவகார அமைச்சர்கள். படுகை முழுவதற்குமான உடன்படிக்கை ஒரு கூரை போலப் பயன்படும், அந்தக் கூரையின் கீழ் ஊருக்கு ஊர் வேறு எழுத்து தேவைப்படும் என்பது குவாரனித் திட்டத்தில் ஈடுபட்டவர்களுக்கே தெரிந்திருந்தது. கொன்கோர்டியா–சால்ட்டோவை ஒரு தனி முன்னோடிப் பகுதியாக அவர்கள் எடுத்து நடத்தியதும் அதனால்தான்.

மூன்றாவது வழி, பங்கீட்டைத் தொடாமல் தரவுகளை மட்டும் பகிர்வது. சாட், எகிப்து, லிபியா, சூடான் ஆகியவற்றின் அடியில் கிடக்கும் நூபிய மணற்கல் படுகைக்கு 1992இல் ஒரு கூட்டு அதிகாரசபை உருவானது. 2000ஆம் ஆண்டில் கண்காணிப்பையும் தரவுப் பகிர்வையும் பற்றிய உடன்பாடுகள் எழுதப்பட்டன. அல்ஜீரியா, தூனிசியா, லிபியா ஆகிய மூன்றும் வடமேற்குச் சகாராப் படுகைக்கு ஒரு கலந்தாலோசனைப் பொறிமுறையை வைத்திருக்கின்றன. இந்த இரண்டும் பெரும்பாலும் பழங்காலத்து மழையில் சேர்ந்த நீர். இன்றைய மழை அவற்றை ஈடுசெய்யாது. தூனிசியாவின் கெபிலிப் பகுதியில் இந்த நீர் எழுபது பாகை வரையான சூட்டோடு மேலே வருவதால், அதை ஆறவிட்ட பின்னரே பேரீச்சந் தோட்டங்களுக்குப் பாய்ச்சுகிறார்கள். அதே சூட்டைக் கொண்டு குளிர்காலத்தில் காய்கறிக் கூடாரங்களை வெதுவெதுப்பாக வைத்திருக்கவும் பழகியிருக்கிறார்கள். தரவுப் பகிர்வு மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. ஆனால் நம்பிக்கை இல்லாத இரு தரப்பு கூடி இருந்து செய்யக்கூடிய முதல் வேலை அதுவே என்பதை மறுக்க முடியாது. எண் ஒன்றை இருவரும் ஏற்றுக்கொள்வது, பங்கு ஒன்றை இருவரும் ஏற்றுக்கொள்வதைவிட எளிது.

நான்காவது வழி, எல்லையோரத்தில் ஓர் ஒதுக்குப்பட்டியை வைப்பது. யோர்தானுக்கும் சவூதி அரேபியாவுக்கும் பொதுவான டிசிப் படுகையின் நீரை யோர்தான் 2013 முதல் ஏறத்தாழ 325 கிலோமீற்றர் நீளக் குழாயில் அம்மான் நகரத்துக்குக் கொண்டுபோகிறது. ஆண்டுக்குப் பத்துக் கோடி கனமீற்றர் என்பது திட்டத்தின் அளவு. எல்லைக்கு அப்பால் சவூதி அரேபியா 1980களில் இந்த நீரைக்கொண்டு பாலைவனத்தில் கோதுமை விளைவித்தது. 2015 ஏப்ரலில் இரு நாடுகளும் ஒரு சிறிய உடன்பாட்டை எழுதின: எல்லையை ஒட்டிய ஒரு பட்டியில் நீர் எடுக்கும் எல்லா நடவடிக்கைகளையும் ஐந்து ஆண்டுகளுக்குள் நிறுத்துவது, அதைச் சூழ்ந்த இன்னொரு பகுதியில் குடிநீர் போன்ற நகரத் தேவைக்கு மட்டும் அனுமதிப்பது, ஒரு கூட்டுத் தொழில்நுட்பக் குழுவை வைப்பது. மொத்தமாக எவ்வளவு எடுக்கலாம் என்ற கேள்வியை அவர்கள் தொடவே இல்லை. தொட்டிருந்தால் இன்றும் பேசிக்கொண்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இதே வகையில் பழையது ஒன்று உண்டு. 1973இல் அமெரிக்காவும் மெக்சிக்கோவும், சான் லூயிஸ் பகுதியில் எல்லையிலிருந்து ஐந்து மைல்களுக்குள் ஒவ்வொரு நாடும் ஆண்டுக்கு 160,000 ஏக்கர் அடிக்கு மேல் நிலத்தடி நீரை எடுப்பதில்லை என்று இணங்கின. இரணைமடுக் குளம் வான் பாயும் அளவுக்கு நிரம்பினாலும் கொள்ளாத தொகை அது. எல்லைப்புற நிலத்தடி நீருக்கான முழுமையான உடன்படிக்கை வரும்வரையான இடைக்கால ஏற்பாடு என்றுதான் அந்த ஆவணம் தன்னை அறிமுகப்படுத்துகிறது. அரை நூற்றாண்டு கடந்தும் முழுமையான உடன்படிக்கை வரவில்லை. இடைக்கால ஏற்பாடு நிற்கிறது. ஒதுக்குப்பட்டி ஒரு முரட்டுக் கருவி. ஆனால் மீறலைக் கண்ணால் காணலாம், பம்பு ஓடுகிறதா இல்லையா என்பதற்கு மேல் எந்தக் கணக்கும் தேவையில்லை. நம்பிக்கை குறைந்த இடத்தில் அதுவே அதன் பலம்.

ஐந்தாவது வழியைப் பற்றி நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் நான் சாய்வது அதன் பக்கம். சுவிற்சர்லாந்தின் ஜெனீவாவுக்கும் பிரான்சின் மேல் சவோய் மாவட்டத்துக்கும் அடியில், ஏறத்தாழ 19 கிலோமீற்றர் நீளமும் ஒன்று முதல் மூன்றரைக் கிலோமீற்றர் வரை அகலமும் கொண்ட ஒரு சிறிய படுகை இருக்கிறது. நமது வன்னிக் கண்ணுக்குப் பிடிபடக்கூடிய அளவு. 1960களில் இரு பக்கமும் இறைப்பு ஏறிக்கொண்டே போனது. 1970, 1971ஆம் ஆண்டுகளில் எடுப்பு 14 மில்லியன் கனமீற்றரை எட்டியது. படுகை தாங்கக்கூடியதோ ஏறத்தாழ அதில் பாதி. இருபது ஆண்டுகளில் நீர்மட்டம் ஏழு மீற்றருக்கு மேல் இறங்கிச் சில கிணறுகளை மூட வேண்டியும் வந்தது. ஏரி நீரைச் சுத்திகரிக்கும் புதிய ஆலையைக் கட்டுவதா, ஆர்வ் ஆற்றின் நீரை நிலத்துக்குள் இறக்கிப் படுகையை நிரப்புவதா என்ற இரண்டில், செலவு குறைந்த இரண்டாவதை ஜெனீவா தேர்ந்தது. வெஸ்ஸி என்ற இடத்தில் ஆற்றுநீரை எடுத்து, மணல் வடிகட்டிகளில் விட்டு, நிலத்தடியில் பதித்த துளையிட்ட குழாய்கள் வழியாகக் கசியவிடுகிறார்கள். ஆறு கலங்கி வரும் நாட்களில் நீர் எடுக்கும் வாயை மூடிவிடுவார்கள். சேறு ஒருமுறை உள்ளே போனால் மண்ணின் கண்கள் அடைபட்டுவிடும்.

நிரப்புவது ஜெனீவா, எடுப்பது இருவரும். அப்படியென்றால் செலவை யார் தாங்குவது? 1978இல் எழுதிய ஏற்பாடு இந்தக் கேள்விக்குக் காசுக் கணக்கிலேயே விடை சொன்னது. பிரான்சின் பக்கம் ஆண்டுக்கு ஐந்து மில்லியன் கனமீற்றர் வரை எடுக்கலாம். அதில் இரண்டு மில்லியன், அந்தப் பக்கத்து நிலத்தில் இயல்பாக ஊறும் பங்கைக் கருதி, கட்டணமின்றி. அதற்கு மேல் எடுப்பதற்கு, எடுத்த அளவுக்கேற்ப நிரப்புச் செலவில் பங்கு கொடுக்க வேண்டும். எல்லாக் கிணறுகளுக்கும் பதிவேடும் அளவுமானியும் உண்டு. ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் மூவர் கொண்ட ஆணைக்குழு. அம்மூவரில் இருவராவது நீர்த்துறை அறிந்தவர்களாக இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு முப்பது ஆண்டுகள் ஓடி முடிந்தபோது, 2008 ஜனவரி முதல் இன்னொரு முப்பது ஆண்டுகளுக்குப் புதுப்பித்தார்கள். இம்முறை பிரான்சின் பக்கத்தில் ஒப்பமிட்டவர்கள் அன்மாஸ், விரி முதலிய அவ்வூர்களின் உள்ளூராட்சி அமைப்புகளே. பாரிசும் பேர்னும் வழிவிட்டு நின்றன.

இதில் என்னைக் கவர்வது, நியாயம் என்ற பெரிய சொல்லுக்குப் பதிலாக மூன்று எண்கள் அங்கே வேலை செய்வதுதான்: இலவசம் எவ்வளவு, உச்சவரம்பு எவ்வளவு, மேலதிகத்துக்கு விலை எவ்வளவு. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கும், ஒரே கிணற்றில் இறைப்பு முறைநாளைப் பிரித்து இறைத்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இந்த மாதிரிக் கணக்கு புதிதல்ல. குடியேற்றத் திட்டங்களின் வழியாக அந்தப் பழக்கம் கிளிநொச்சிக்கும் வந்தது.

ஆனால் ஆணைக்குழு என்ற பெயர் மட்டும் நியாயத்தைக் கொண்டுவராது. 1995ஆம் ஆண்டின் இரண்டாவது ஒஸ்லோ உடன்படிக்கையின்படி இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத்துக்கும் ஒரு கூட்டு நீர்க்குழு அமைந்தது. இரு தரப்புக்கும் சம எண்ணிக்கை, எல்லா முடிவும் ஒருமித்த கருத்தில். பார்ப்பதற்கு ஜெனீவாவைப் போலவே இருக்கும். ஆனால் அக்குழுவின் அதிகாரம் மேற்குக் கரைக்கு மட்டுமே. அதே மலைப்படுகையிலிருந்து எல்லைக்கு அப்பால் இஸ்ரேல் இறைப்பது அதன் விசாரணைக்கு வெளியே. ஒருவரின் கிணறுகள் மட்டும் மேசைக்கு வந்தன, மற்றவரின் கிணறுகள் வரவில்லை. வன்னியில் எந்த ஏற்பாட்டை எழுதினாலும், நகரத்துக்கு நீர் கொண்டுபோகும் அரச ஆழ்கிணறுகளும் கமக்காரரின் குழாய்க்கிணறுகளும் ஒரே பதிவேட்டில், ஒரே விதியின் கீழ் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனாலேயே. கமக்காரருக்கு மட்டும் மீற்றர் பூட்டும் திட்டத்தை எந்தக் கமக்காரர் அமைப்பும் ஏற்காது, ஏற்கவும் கூடாது.

சுடுநீர் தனி விடயம். நிலத்தடியில் பங்கிட இரண்டு பொருட்கள் இருக்கின்றன: நீரும், அது சுமந்து வரும் வெப்பமும். நீரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியும் என்ற உண்மை, ஜேர்மனியின் பவேரியாவுக்கும் மேல் ஒஸ்திரியாவுக்கும் இடையே ஒரு நல்ல விதியைப் பிறப்பித்தது. அங்கே ஆழத்துச் சுண்ணாம்புக்கல்லில் சுடுநீர் கிடக்கிறது. பாட் ப்யூசிங் என்ற ஊரில் 1938இல் எண்ணெய் தேடித் துளையிட்டபோது 56 பாகைச் சுடுநீர் பீறிட்டது. பின்னாளில் அந்த ஊரே குளிப்பிட ஊராகியது. எல்லைக்கு அக்கரையில் ஒஸ்திரியரும் துளையிட்டார்கள். படுகையின் அமுக்கம் இறங்கத் தொடங்கியது. 1987இல் றேகன்ஸ்பேர்க் நகரில் ஒப்பமான தன்யூப் நீர் உடன்படிக்கையின் கீழ் இரு நாட்டு வல்லுநர் குழு கூடி, முழுப் படுகைக்கும் ஒரு கணினி மாதிரியை அமைத்து, அதிலிருந்து எளிய நடைமுறை ஒன்றை வகுத்தது: வெப்பத்துக்காக மட்டும் எடுக்கும் நீர் முழுவதையும் இன்னொரு துளை வழியாக அதே படுகைக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், மருத்துவக் குளியலுக்கு எடுக்கும் நீருக்கு மட்டும் விலக்கு, அதுவும் தேவையின் அளவுக்கே. இன்று பவேரியாவின் சிம்பாக்கில் எடுக்கும் வெப்பம் ஆற்றைக் கடந்து ஒஸ்திரியாவின் பிறவுனோவிலும் வீடுகளைச் சூடாக்குகிறது; குளிர்ந்த நீர் கீழே திரும்புகிறது.

வன்னிக்குள் வெந்நீர் ஊற்று இல்லை. அருகில் உள்ளது திருகோணமலையின் கன்னியா. அங்கே அந்தியேட்டிக் கிரியைக்குப் போய்வராத குடும்பங்கள் நம்மில் குறைவு. அந்த ஏழு கிணறுகளின் சூடு எரிமலையிலிருந்து வருவதல்ல. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, இன்னொரு வெடிப்பால் விரைந்து மேலேறுகிறது. ஆகவே அயலில் ஒரு விடுதிக்காரர் ஆழ்துளையிட்டு அந்த வெடிப்பை வெட்டிவிட்டால், கிணறுகள் தணியலாம் அல்லது ஆறிப்போகலாம். கன்னியாவுக்குப் பங்கீட்டுக் கணக்கு தேவையில்லை. பவேரிய விதியும், ஊற்றைச் சுற்றி ஆழ்துளைக்குத் தடையான ஓர் ஒதுக்குப்பட்டியும் போதும்.

இனி முருங்கன், முழங்காவில் போன்ற சுண்ணாம்புப் படுகைகளுக்கு வருவோம். ஜெனீவா வழியை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. இரண்டு தடைகள் உண்டு. ஒன்று நிரப்புவது பற்றியது. மார்கழியில் குளங்கள் வான் பாய்ந்து நீர் கடலுக்குப் போவதைப் பார்க்கும்போது அதைப் படுகைக்குள் இறக்கிவிடலாமே என்று தோன்றும். மூடுபடைக்குக் கீழே கிடக்கும் நீருக்குக் குளத்துநீர் தானாகப் போய்ச் சேராது. குழாய்வழி இறக்க வேண்டும். அப்படி இறக்கினால் மண்ணின் வடிகட்டல் இல்லாமல், வயலுக்கு அடித்த கிருமிநாசினியும் உரமும் நேரே குடிநீருக்குள் போகும். சுண்ணாம்புக்கல்லுக்குள் ஒருமுறை போன அழுக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்பதைச் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் மிதந்த காலத்தில் குடாநாடு கண்டது. வடிகட்டி கட்டப் பணம் கிடைக்கும்வரை நிரப்பும் யோசனையைத் தள்ளிவைத்து, எடுப்பைக் கட்டுப்படுத்துவதோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

மற்றது அளவு பற்றியது. ஒவ்வொரு குழாய்க்கிணற்றுக்கும் மீற்றர் என்பது இப்போதைக்குக் கைகூடாது. ஆனால் படுகையின் நிலையை அறிய எல்லாக் கிணற்றையும் அளக்கத் தேவையில்லை. யாரும் இறைக்காத நான்கைந்து கண்காணிப்புத் துளைகள் போதும். அளக்கும் முறையும் எளிது. சுற்றியுள்ள மோட்டர்கள் இரவு முழுவதும் நின்றிருக்க, விடியுமுன் இரும்பு நாடாவின் நுனிப் பகுதியில் வெண்கட்டியைத் தேய்த்துத் துளைக்குள் இறக்க வேண்டும். விளிம்பில் ஒரு முழு எண் வரும்போது பிடித்துக்கொண்டு மேலே இழுத்தால், வெண்கட்டி நனைந்து நிறம் மாறிய கோடு தெளிவாகத் தெரியும். பிடித்த எண்ணிலிருந்து நனைந்த நீளத்தைக் கழித்தால் நீரின் ஆழம். உயர்தரம் படிக்கும் பிள்ளை செய்யக்கூடிய வேலை. கூடவே மின்கடத்துதிறனை ஒரு சிறு கருவியால் பார்த்து எழுதிவைத்தால், நாக்குக்குச் சவர் தட்டுமுன்னரே உவர்நீர் வருவது தெரிந்துவிடும்.

இந்த எண்ணைக் கொண்டுபோய் வைக்க ஒரு மேசையும் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் சிறுபோகத்துக்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்பதைப் பார்த்தே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுக்கிறோம். நீர் குறைந்த ஆண்டில் காணியைப் பங்காகக் குறைத்து விதைப்பதை மனக்கசப்போடாவது ஏற்கிறோம். அதே கூட்டத்தில் குளத்தின் அடிக்கணக்கோடு கண்காணிப்புத் துளையின் மீற்றர் கணக்கையும் வாசித்தால், படுகைக்கும் ஒரு சிறுபோகத் தீர்மானம் எடுக்கலாம்: மட்டம் இந்த எண்ணுக்கு மேல் நின்றால் வழமைபோல, கீழே இறங்கினால் தோட்ட இறைப்புக்கு முறைநாள், நகர வழங்கலுக்கும் அதே விகிதத்தில் குறைப்பு, அதற்கும் கீழே இறங்கினால் கரையோரப் பட்டியில் எல்லா மோட்டர்களும் நிறுத்தம். கரையோரப் பட்டி டிசியிடம் கற்றது. படிப்படியான எண்கள் ஜெனீவாவிடம் கற்றவை. துளைகளின் அளவீட்டை எல்லோரும் பார்க்கக்கூடிய பலகையில் எழுதுவது சகாரா நாடுகளிடம் கற்றது. நகர வழங்கலைக் குறைக்கும் வாசகத்துக்கு எதிர்ப்பு வரும். வரட்டும், அந்த வாசகம் இல்லாமல் கமக்காரர் மேசைக்கு வரமாட்டார்கள். இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் கிளிநொச்சிக் கமக்காரரின் எதிர்ப்பில் நின்று, கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் ஆலையாக 2024இல் முடிந்த வரலாறு நினைவில் இருக்கட்டும். அத்திட்டத்தின் நியாய அநியாயம் வேறு பேச்சு. நீரோடு வாழ்பவர்களின் ஒப்பம் இல்லாமல் வரைந்த குழாய்ப்பாதைக்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதே இங்கு எனக்கு வேண்டியது.

வவுனியாவின் தென்னெல்லையில், வடமத்திய மாகாணத்தைத் தொட்டுக் கிடக்கும் கடினப் பாறை ஊர்களுக்கு இவ்வளவும் தேவையில்லை. அங்கே பங்கிட ஒரு படுகை இல்லை. தொடர்குளங்களின் மேற்குளத்தை யார் எவ்வளவு உயர்த்திக் கட்டுகிறார்கள், எப்போது திறக்கிறார்கள் என்பதே கீழ்க்கிணற்றின் கதியைத் தீர்மானிக்கிறது. ஆகவே இரு பக்கத்துக் கமக்காரர் அமைப்புகளும் கால போகத்துக்கு முன் ஒருமுறை கூடி அணைக்கட்டு வேலைகளைப் பற்றி முன்னறிவித்தல் செய்துகொண்டால் பெரும்பாலும் போதும். ஒரு தமிழ் ஊரும் ஒரு சிங்கள ஊரும் அப்படிக் கூடுவதற்கு இரண்டு மொழியும் தெரிந்த ஒரு நீர்ப்பாசன உத்தியோகத்தர் இருந்தால் நல்லது.

எஞ்சுவது யார் ஒப்பமிடுவது என்பது. 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நீர்வள சபை மத்திய அரசின் நிறுவனம். மாகாணம் கடக்கும் ஆறுகளின் நீர்ப்பாசனமும் 13ஆவது திருத்தத்தின்படி மத்திய அரசிடமே. சட்டம் மாறும்வரை காத்திருந்தால் குவாரனியின் பத்து ஆண்டுகள் நமக்கும் வரும். நீர்வள சபையைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, மன்னார் நகர வழங்கலை நடத்துபவர்களும் முருங்கன் பகுதிக் கமக்காரர் அமைப்புகளும் உள்ளூராட்சி சபைகளும் இருவருட இணக்கப் பத்திரம் ஒன்றை எழுதலாம். அதற்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. முதல் வருடம் அளப்பது மட்டும், தண்டமும் இல்லை, குறைப்பும் இல்லை. இரண்டாம் வருடத்துச் சிறுபோகக் கூட்டத்தில் எண்களை நிர்ணயிக்கலாம். நான்கு துளைகளுக்கான இடத்தை இந்தக் கோடையில், மட்டம் மிகக் கீழே நிற்கும் ஆவணிக்கு முன், தெரிவுசெய்துவிட வேண்டும். மாரி தொடங்கிவிட்டால் அடுத்த கோடைவரை ஒப்பிட எண் கிடைக்காது.